துருத்திக்குள் ஒரு கையகலத் தோல்

ஜினாலய வாயிலில் நாம் அனைவரும் ஒரு கணம் நிற்கிறோம். இடுப்பில் கட்டிய தோற்பட்டையைக் கழற்றுகிறோம். தோலால் ஆன பணப்பையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, உடன் வந்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கால் கழுவி உள்ளே செல்கிறோம். உள்ளே, பகவானின் திருமுன்பு, விரித்த சமுக்காளத்தின்மேல் ஆர்மோனியம் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் துருத்தியை அசைத்துத் துதிப்பாடல்களைப் பாடுகிறோம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

நாமும் அதுவரை பார்த்ததில்லை. சென்ற ஆண்டு கூடலூரில் ஒரு சிராவகர் இல்லத்தில் அதைப் பார்க்கும்படி நேர்ந்தது. அங்கு எழுந்த வினாவையும், அதற்கு நாம் கண்ட விடையையும் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்தமபாளையத்துச் சமணச் சிற்பங்களைத் தரிசிக்கவே நாம் அப்பக்கம் சென்றிருந்தோம். கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் அச்சணந்தியின் பெயர் காணப்படுகிறது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றில் அருகன் உருவங்களைச் செய்வித்த பெருமகனார் அவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் அறவோர் நடந்து திரிந்த அந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்று நம்மவர் குடும்பங்கள் மிகச் சில. வந்தவாசிப் பக்கத்திலிருந்து மின்வாரியப் பணிக்காக வந்து, லோயர் கேம்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி, ஓய்வு பெற்ற பின்னும் கூடலூரிலேயே தங்கிவிட்ட பெரியவர் ஒருவர் நம்மைத் தம் இல்லத்தில் தங்குமாறு அழைத்திருந்தார். ஊரில் ஜினாலயம் இல்லை. எனவே தம் வீட்டின் ஒரு கூடத்தையே வழிபாட்டு இடமாக வைத்துக்கொண்டு, மாலைதோறும் மனைவி, மருமகள், பேத்தியுடன் அமர்ந்து பாடி வருகிறார். சுருதிக்கு அவருடைய தந்தையார் வைத்திருந்த பழைய ஆர்மோனியம்.

அன்று மாலை நாமும் அமர்ந்தோம். துருத்தியை அவர் அசைத்தவுடன் எந்தக் கட்டையையும் தொடாமலே ஒரு சுரம் மெல்ல முனகத் தொடங்கியது. வேறு சில கட்டைகளை அழுத்தினால் சுரம் வருவதற்கு முன் காற்றுச் சீறியது. பெரியவர் வெட்கத்துடன் துருத்தியை மூடிவிட்டு, "வாழ்நாளெல்லாம் வால்வுகளோடு வாழ்ந்தவன் நான். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை நிறுத்தத் தெரிந்த எனக்கு இந்தக் காற்றை நிறுத்தத் தெரியவில்லை" என்றார். கூடலூரில் நின்று மேற்கே பார்ப்பவர்க்கு அவர் கூறியதன் பொருள் விளங்கும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து, பெருங்குழாய்கள் வழியே இறங்கி, சுழலிகளைச் சுழற்றிவிட்டு வயல்களுக்குப் போகிறது. அந்தக் குழாய்களின் வாயில்களில் உள்ள அடைப்பிதழ்களே அவர் சொன்ன வால்வுகள்.

ஆர்மோனியத்திலும் வால்வுகள் உண்டு. மறுநாள் காலை கம்பத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் பெட்டியைத் திறந்தபோது அவற்றைக் கண்டோம். அவர் இராவுத்தர் சமூகத்தைச் சேர்ந்தவர். பள்ளத்தாக்கில் ஊர்த்திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பின்பாட்டுப் பாடும் ஆர்மோனியக் கலைஞர்களின் பெட்டிகளைச் செப்பனிடுவது அவர் தொழில். எல்லாரும் அவரை 'பாய்' என்றே அழைத்தனர். (இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இப்பள்ளத்தாக்கில்தான் உள்ளது. அவருடைய தமையனார் பாவலர் வரதராஜன் ஊர் ஊராகச் சென்று பாடியபோது ஆர்மோனியமும் உடன் சென்றது. ஆகவே இங்கு இப்பெட்டிக்கு ஒரு தனி மரியாதை உண்டு.)

கைத்துருத்தியை அசைத்தால் வெளிக்காற்று உள்ளே வருகிறது. வந்த காற்று அதே வழியில் திரும்பிப் போகாதபடி துருத்திப் பலகையின் துளைகள்மேல் மெல்லிய தோல் இதழ்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே தேங்கும் காற்று ரீடுகளின் மேலுள்ள துளைகள் வழியே வெளியேற முயல்கிறது. ஒவ்வொரு துளையையும் ஒவ்வொரு கட்டையின் பின்பகுதி மூடிக்கொண்டிருக்கிறது. நாம் கட்டையின் முன்புறத்தை அழுத்த, பின்புறம் எழும்ப, துளை திறந்து ரீடு அதிர்கிறது. விரலை எடுத்தால் ஸ்பிரிங்கு கட்டையை மீண்டும் அமர்த்துகிறது. மரத்தின்மேல் மரம் அமர்ந்தால் காற்று கசியும். அதற்காகவே கட்டையின் அடியில் ஒரு மெத்தை. அந்த மெத்தையின் முகப்பு பதம் செய்த ஆட்டுத்தோல். 37 கட்டைகளுக்கு 37 தோல்துண்டுகள். துருத்தியின் இதழ்களையும் சேர்த்துப் பரப்பினால் கையகலத்துக்குச் சற்று மிகும்.

குமுளிக் கணவாய் வழியே வரும் சாரல்காற்றில் ஆண்டுதோறும் நனைந்தும், கோடையில் காய்ந்தும் அத்தோல் இறுகிப் பலகைபோல் ஆகியிருந்தது. பாய் ஒரு துண்டை நகத்தால் கீறிக் காட்டினார். "ஐயா, இது அந்தக் காலத்துத் தோல். நன்றாக உழைத்திருக்கிறது. இதே போலப் புதுத் தோல் போட்டுத் தருகிறேன். உங்கள் பேத்தி காலம் வரைக்கும் பேசாது" என்றார்.

பெரியவர் முகம் மாறிவிட்டது.

அவர் அதுநாள்வரை அறிந்திருக்கவில்லை. அவருடைய தந்தையாரும் அறிந்திருக்கவில்லை. ஊரில் இருந்த காலத்தில் ஒவ்வொரு நந்தீஸ்வர பருவத்திலும் அப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு ஜினாலயத்துக்குப் போன தந்தை. இறுதி நாட்களில் படுக்கையில் கிடந்தபடி, மகன் துருத்தி அசைக்கப் பஞ்ச நமஸ்காரத்தைச் சொன்ன தந்தை. பெரியவர் நம்மிடம் கேட்ட கேள்வியை அவர் கூறியவாறே எழுதுகிறோம்: "அப்பா பாடியதெல்லாம் பாவக் கணக்கில் போய்விட்டதா?"

அன்பர்களே, வால்வை மாற்றுவதா என்பது பாய் கேட்ட கேள்வி. பெரியவர் கேட்டது வேறு. இரண்டாவதற்கு முதலில் விடை காணாமல் முதலாவதற்கு விடை கூற நமக்கு மனம் வரவில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினைகள் உயிரிடம் வந்து சேரும் வழியை விளக்குகிறது. ஒரே செயலைச் செய்த இருவர்க்கு வினை ஒரே அளவில் வந்து சேர்வதில்லை என்பது அங்கே உமாசுவாமி ஆசாரியர் காட்டும் நுட்பம். உள்ளத்தின் வேகம் தீவிரமா, மந்தமா. அறிந்து செய்தானா, அறியாது செய்தானா. எந்தப் பொருளைக் கருவியாகக் கொண்டான். எவ்வளவு ஆற்றலைச் செலுத்தினான் - இவற்றால் வினையின் அளவு வேறுபடும். அறியாமை ஒருவனை முற்றிலும் விடுவித்துவிடும் என்று நம் ஆசாரியர்கள் கூறவில்லை. அப்படிக் கூறினால் அறியாமலிருப்பதே வசதி என்று ஆகிவிடும். ஆயினும் அறியாதவன் உள்ளத்தில் கொல்லும் எண்ணமும் இல்லை, கொலையை விரும்பும் மயக்கமும் இல்லை. கவனமின்மை என்னும் குற்றம் மட்டுமே எஞ்சுகிறது. அந்த முதியவர் கடைசி மூச்சில் பற்றியிருந்தது தோலையா, பஞ்ச பரமேஷ்டிகளையா? பெரியவரிடம் இதைத்தான் கேட்டோம். அவர் விடை கூறவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அதே சூத்திரம் மகனுக்கு வேறொன்றைச் சொல்கிறது. பெட்டி அதே பெட்டி. தோலும் அதே தோல். நேற்று மாலை வரை அது அறியாமையோடு கூடியது. இன்று காலை பாய் நகத்தால் கீறிக் காட்டிய பிறகு அது அறிவோடு கூடியது. இனி அவர் புதுத் தோலுக்குப் பணம் கொடுத்தால், அது தந்தையின் கணக்கில் சேராது.

"நாமா கொல்கிறோம்? ஏற்கெனவே செத்த ஆட்டின் தோல்தானே?" என்பார் உண்டு. அன்று அவ்வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவரும் அதையே கூறினார். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் ஆகமங்கள் ஒரே கயிற்றில் கட்டுகின்றன. வாங்குவார் உள்ளவரை விற்பார் உண்டு. விற்பார் உள்ளவரை கொல்வார் உண்டு. தானே இறந்த விலங்கைப் பற்றிய வாதத்தையும் அமிருதசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விட்டுவைக்கவில்லை. தானாக மாண்ட எருதின் ஊனானாலும் அதில் தோன்றும் நுண்ணுயிர்கள் நசுக்கப்படுவதால் அதுவும் ஹிம்சையே என்று அவர் தெளிவுபடுத்துகிறார். அது ஊனைக் குறித்த விதி. பதனிட்ட தோலுக்கு அப்படியே பொருந்துமா என்று நுணுகிக் கேட்கலாம். எனினும் தோற்பையில் வைத்த நீரையும் நெய்யையும் கூட விலக்குமாறு சிராவகாசார நூல்கள் கூறும்போது, அந்தத் தோலுக்கு வழிபாட்டுக் கூடத்தில் என்ன இடம்?

பதனிடுதல் என்றவுடன் நம் வடமாவட்டத்து அன்பர்களுக்குப் பாலாறு நினைவுக்கு வரவேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அந்த ஆற்றையும் கிணறுகளையும் எந்நிலைக்கு ஆக்கியது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் விரிவாகக் கூறிற்று. ஆட்டின் ஐந்தறிவு உயிரோடு கணக்கு முடிவதில்லை. நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள், மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்கள், அந்நீரைக் குடித்த ஊர் மக்கள் எல்லாரும் அந்தக் கையகலத் தோலில் இருக்கிறார்கள்.

இவ்வளவு கூறிய பின், "தோலை விலக்கிவிட்டு ரெக்சின் போடுக, முடிந்தது" என்று எழுந்துவிடலாம் என எண்ணினோம். பாய் விடவில்லை. அவர் தம் தொழிலில் நேர்மையானவர். "ரெக்சின் போடலாம் ஐயா. ஆனால் தோல் இருபது வருடம் உழைக்கிற இடத்தில் இது ஐந்தாறு வருடம்தான் தாங்கும். மேற்பூச்சு உரிந்துவிடும். திரும்பத் திரும்பப் பெட்டியைத் திறக்கவேண்டும். சிலர் ஸ்பாஞ்சு கேட்கிறார்கள். அது இன்னும் மோசம், பொடிப்பொடியாக உதிர்ந்து ரீடுக்குள் போய்விடும். தடிமனான கம்பளி ஃபெல்ட் மட்டும் போட்டால் காற்று அதனூடே கசியும், மேலே ஏதாவது வழவழப்பாக வேண்டும்" என்றார். ரெக்சின் எங்கிருந்து வருகிறது? துணியின்மேல் பூசிய செயற்கைப் பூச்சு அது, ஆலையில் பிறப்பது, அவ்வாலைக்கும் புகையும் கழிவும் உண்டு. ஃபெல்ட் ஆட்டின் மயிர். கொல்லாமல் கத்தரித்ததென்றாலும், அந்த ஆடுகள் பின்னர் எங்கே போகின்றன?

எந்தப் பக்கம் திரும்பினும் ஏதோ ஓர் உயிரின்மேல் கால் படுகிறது.

அப்போது மாடியில் அமர்ந்திருந்தோம். அங்கிருந்து மேற்கு மலை தெரிகிறது. வண்ணாத்திப்பாறையின் மேல், சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் ஏறிச் சென்று வழிபடும் மங்கலதேவி கண்ணகி கோயில் அங்கேதான் உள்ளது. அம்மலையைப் பார்த்தபோது நமக்குக் கண்ணகியைவிடக் கவுந்தியடிகளே நினைவுக்கு வந்தார். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், மதுரைக்குப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் உறையும் சோலைக்கு அருகில் தவம் செய்திருந்த அந்தச் சமணத் துறவி, தாமும் உடன் வருவதாகக் கூறிவிட்டு, வழிகளின் இடர்களை விளக்குகிறார். சோலை வழியே சென்றால் இன்னின்ன துன்பம்; வயல் வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலின்கீழ் அகப்பட்டு நசுங்கும். இரண்டு வழியிலும் தீங்கு இருக்கிறது என்று அறிந்த அவர் நடக்காமல் உட்கார்ந்துவிடவில்லை. தீங்கு எங்கெங்கே இருக்கிறது என்று முன்னதாக எண்ணிப் பார்த்து, பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, மதுரை வரையிலும் நடந்தார். இளங்கோவடிகள் இதை எவ்வளவு அமைதியாகச் சொல்லிச் செல்கிறார் என்பதை அன்பர்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது அணுவிரதம். ஓரறிவுயிரின் ஹிம்சையை அவர்களால் முற்றிலும் நீக்க முடியாது. தேவைக்கு மேல் செய்யாதிருக்கலாம். இயங்கும் உயிர்களை, அதிலும் ஐம்பொறி உடையவற்றை, தெரிந்து கொல்வதும் கொல்விப்பதும் அவர்களுக்கும் விலக்கப்பட்டவை. ஆகவே ஆட்டுத்தோலும் ரெக்சினும் ஒரே தட்டில் வைக்கத்தக்கன அல்ல. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறக்கும் தொல்லை நமக்குத்தான். அதை நாம் ஏற்றுக்கொள்ளலாம்.

இனி மூன்றாவது வழி ஒன்று இருந்தது. சென்னையில் இருக்கும் பெரியவரின் மகன் தொலைபேசியில், "அப்பா, அந்தப் பழையதை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்? ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் புதிதாக வாங்கி அனுப்புகிறேன், பாலிதானா ரீடு" என்றார். நல்ல மகன். பாலிதானா என்ற பெயரைக் கேட்டதும் பெரியவரின் கண் மலர்ந்தது உண்மை. சத்ருஞ்ஜய மலையின் அடிவாரத்தில் உள்ள அதே பாலிதானாதான். ஆதிநாத பகவானைத் தரிசிக்க யாத்திரிகர் படியேறும் ஊரில் ஆர்மோனிய ரீடுகள் செய்யும் தொழில் புகழ்பெற்றது. அவ்வூரில் பிறந்த ரீடு என்றால் அதற்குத் தோஷம் ஏது என்று தோன்றும். ரீடு பித்தளை, தோஷமில்லை. பெட்டிக்குள் கட்டையின் அடியில் ஒட்டுவது எது என்பதைப் பெட்டி செய்பவர் அல்லவா முடிவு செய்கிறார்? புதியதிலும் தோலே இருந்தால், பழைய தோலுக்கு அஞ்சிப் புதிய தோலை விலைகொடுத்து வாங்கியதாகும். கேட்டு வாங்கவேண்டும், விற்பவர்க்கே தெரியாமலும் இருக்கலாம்.

மேலும் ஒன்று. பெரியவர் பாடும் சுருதி ஒன்றே. மாலைதோறும் அதே ஐந்தாறு பாடல்கள். சுருதியை நகர்த்தும் பொறி அவருக்கு எதற்கு? பொருளை வைத்திருப்பதைவிடப் பொருளின்மேல் கொள்ளும் மயக்கத்தையே ஆசாரியர்கள் பரிக்கிரகம் என்றனர். ஹிம்சைக்கு அஞ்சுகிறோம் என்ற பெயரில் புதிய ஆசை ஒன்று உள்ளே நுழைந்துவிடும். அது நுழையும்போது தர்மத்தின் உடையை அணிந்துகொண்டே நுழையும். பெரியவரும் அதை உணர்ந்தார். "எனக்கும் உள்ளூர ஆசை இருந்தது. மீதியிருக்கும் நாட்களுக்கு இது போதும்" என்று மகனிடம் கூறிவிட்டார்.

வேறு வாத்தியத்துக்கு மாறிவிடலாமே என்று கேட்கும் அன்பர்களுக்கு: மிருதங்கமும் தவிலும் தோல் இல்லாமல் பிறந்தவை அல்ல. தோலுக்குப் பதில் செயற்கைப் பொருளால் மூடிய மிருதங்கங்கள் இன்று வந்துவிட்டன, நல்லதே. பண்டைய யாழின் பத்தரையும் தோல் போர்த்தியது. ரத யாத்திரையில் வரும் பாண்டு வாத்தியக் குழுவின் பெரிய டியூபாவுக்கும் வால்வுகள் உண்டு. அவை உலோகம், துளி எண்ணெயில் ஓடுபவை. ஆயினும் டியூபாவை வைத்துக்கொண்டு பஞ்ச நமஸ்காரம் பாட முடியாது. ஆர்மோனியமோ 1842இல் பாரிசில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கால்மிதி வாத்தியமாக வந்து, கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் கையால் துருத்தி அசைக்கும் பெட்டியாக மாறி, நம் தரையில் அமர்ந்தது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை உள்ளேயே விடவில்லை. வானொலி விலக்கிய அந்தக் காலத்திலும் நம் ஜினாலயங்கள் அதை விலக்கவில்லை. எளியவர் கைக்கு எட்டியது, கற்பதற்கு இலகுவானது, பலர் சேர்ந்து பாட ஏற்றது என்பதே காரணம்.

எனவே முடிவு செய்தோம்: பெட்டி, ரீடு, கட்டை எல்லாம் இருக்கட்டும், தோல் மட்டும் போகட்டும். பருத்தித் துணியை மடித்து மெத்தையாக்கி, அதன்மேல் மெல்லிய ரெக்சினை ஒட்டுவது. அதிலும் ஒரு தடை வந்தது. பாய் தம் பையிலிருந்து வச்சிரத்தை எடுத்தார். தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்தும் அந்தப் பழைய பசை விலங்குகளின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது. தோலை விலக்கிவிட்டுத் தோலின் சாற்றால் ஒட்டுவதா? அவரே சிரித்துவிட்டு, "சரி ஐயா, பெவிகால் போதும்" என்றார்.

நாம் அங்கு இவ்வாறு ஒவ்வொன்றாக எடுத்துக் கூறிக்கொண்டிருந்தபோது பெரியவரின் பேத்தி, ஒன்பது வயதிருக்கும், நம் அருகில் வந்து நின்று நெடுநேரம் நம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தாத்தா, உங்கள் கடிகாரத்தின் பட்டை எதில் செய்தது?" என்று கேட்டாள்.

தோலில் செய்தது. பரிசாக வந்த கடிகாரம். பல ஆண்டுகளாகக் கட்டியிருக்கிறோம். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு ஜினாலயத்துக்குள் சென்ற நாட்களிலெல்லாம் அது கையிலேயே இருந்திருக்கிறது. கூடத்தில் இருந்தவர்கள் பேசாமல் இருந்தனர். பாய் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பிரிங்கு ஒன்றைத் துடைக்கலானார். நாம் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்தோம். அதன்பின் சற்று நேரம் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை.

பெட்டியைப் பிரிக்கும் பணி பகலில் நடந்தது. இதைச் செய்ய விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நெடுநாள் திறக்காத பெட்டி வெறும் பெட்டியன்று. அது ஒரு குடியிருப்பு. கட்டைகளின் அடியில் வெள்ளிப் பூச்சிகள், மூலையில் ஒரு சிலந்தியும் அதன் முட்டைப் பொதியும், தோலின் ஓரத்தை அரித்துக்கொண்டிருந்த சிறு புழுக்கள். செப்பனிடுபவர்கள் வழக்கமாக இந்நிலையில் மருந்து தெளிப்பார்கள். பாயும் தம் பையில் கையை விட்டார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். துறவியர் பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மயிற்பீலியால் மெல்லத் துடைக்கும் ஆதான நிக்ஷேபண சமிதி துறவியர்க்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அந்த வீட்டு அம்மையார் பழைய மல் துணியொன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டையையும் வாங்கி, அதிலிருந்த உயிர்களைக் கொல்லைப்புறத்து வாழையடியில் நிழலில் விட்டுவிட்டு வந்தார். சிலந்தியின் முட்டைப் பொதியை ஓர் அட்டையில் ஏந்திச் சென்றார். இதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாய் பொறுமையுடன் காத்திருந்தார். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கப்பட்டது. பின்னாளில் பூச்சி வராதிருக்க அந்துருண்டை போடலாமா என்று கேட்கப்பட்டது. அது வந்த உயிரையும் கொல்லும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்து, மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து வெளிச்சம் காட்டினால் பூச்சி தானே குடியேறாது.

எடுத்த தோல்துண்டுகளை என்ன செய்வது என்பதில்தான் நம்மால் ஒருமனப்பட முடியவில்லை. பெரியவர் மண்ணில் புதைக்க விரும்பினார். எரிப்பதோ புதைப்பதோ எதுவாயினும் வேறு உயிர்களுக்கு இடர். குழி தோண்டினால் மண்புழு. துருத்தி இதழ்களாக இருந்த இரண்டு துண்டுகள் இன்னும் இளக்கமாக இருந்தன. பாய் அவற்றைக் கேட்டார். நாடகக்காரர் ஒருவரின் பெட்டிக்கு ஆகும் என்றார். கொடுத்தால் அங்கு ஒரு புதுத்தோல் மிச்சமாகும். ஆனால் தோலின் பயன்பாட்டுக்கு நாம் உடன்பட்டதாகவும் ஆகும். உறவினர் கூடாது என்றார். நாம் கொடுக்கலாம் என்றோம். வேறோர் ஆட்டைக் காப்பதற்கு அதைவிட நேரான வழி அன்று நம் கைவசம் இல்லை. பெரியவர் கொடுத்துவிட்டார். இதில் மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் எழுதினால் இவ்விதழில் வெளியிடுவோம்.

மாலையில் கட்டைகளை மீண்டும் பொருத்தினர். எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை அசைத்துப் பார்த்தார் பாய். முனகல் இல்லை. பெரியவர் அமர்ந்து ஆதாரசட்ஜத்தை அழுத்தினார். தந்தையாரின் பெட்டி அதே குரலில் ஒலித்தது, ரீடு மாறவில்லையே. மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் விரலை எடுத்த பின்னும் அரைக்கணம் இழுத்தது. துணி ஒருவாரத்தில் அமுங்கிவிடும் என்றார் பாய்.

தசலக்ஷண பருவத்தின்போது பெரியவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்தக் கட்டை சரியாகிவிட்டதாம். வேறொரு கட்டையில் ரெக்சினின் ஓரம் தூக்கிக்கொண்டதாகவும், தாமே பெட்டியைத் திறந்து, துடைத்து, ஒட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில், 'தங்கள் கடிகாரப் பட்டை என்னவாயிற்று என்று பேத்தி கேட்கிறாள்' என ஒரு வரி. நைலான் பட்டை மாற்றியிருக்கிறோம் என்று பதில் எழுதினோம். வியர்வையில் அது சற்று அரிக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதினோம்.